கூடுதலாக ஒன்று

கண்ணாடி தூக்கிக்கொண்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது அந்தக் கடையில் எழுதி வைக்காத சட்டம். முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் வாய் உண்டு. அதுவும் "படி", "வாசல்", "திருப்பம்", "ஈரம்" என்று நாலைந்து சொல்லுக்கு மட்டும். பின்னால் வருகிறவன் அதைக் கேட்டுக் காலை வைப்பான். இரண்டு கையும் கண்ணாடியின் அடிவிளிம்பில் மாட்டிக்கொண்டிருக்கும்போது குனிந்து தரையைப் பார்க்க முடியாது. முன்னால் போகிறவனின் வார்த்தைதான் தரை.

அங்கே ஒரு ஜோடியை நெட்டை, குட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நெட்டை கட்டியிருப்பது குட்டையின் தங்கையை. உயரம் ஒத்துப்போகாத இரண்டு பேரைக் கண்ணாடிக்கு ஜோடி சேர்ப்பதே தப்பு. சமதரையில் பாரமெல்லாம் குட்டையானவன் பக்கம் சரிந்துவிடும். அதனால் நெட்டை முழங்காலை மடக்கித் தன்னைக் குள்ளமாக்கிக்கொண்டு நடப்பான். பழகிப் பழகி, வெறுங்கையோடு தெருவில் போகும்போதும் அவனுக்கு முழங்கால் மடங்கியேதான் இருக்கும்.

"மச்சானுக்காக முழங்காலையே குடுத்தவன் நான்" என்று ஒரு காலத்தில் பீற்றிக்கொள்வான்.

"நான் தங்கச்சியக் குடுத்தேன்ல மாப்ள, சரியாப் போச்சு" என்பான் குட்டை.

இப்போது அந்தக் கேலி வருவதில்லை. அந்தத் தங்கை மூன்றாம் மாடி வீட்டில் தலையணைகளை அடுக்கி வைத்துச் சாய்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. மகள் பிறந்தபோதுதான் தெரிந்தது. குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள், இன்னொன்று மட்டும் கூடவே கூடாது என்று இதய டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். இருவரும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தார்கள். காப்பர்-டி வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவள், உதிரம் நிற்காமல் அதை எடுக்கவேண்டியதாயிற்று. அப்புறம் ஆணுறை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் அதுவும் கிழிந்தது. கருவைக் கலைத்தார்கள். கலைத்த கையோடு நுரையீரலில் நீர் கோத்து, அவள் பிழைத்து வந்ததே பெரும்பாடு. இனி நெஞ்சைத் திறந்து எதுவும் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, மாத்திரையிலேயே ஓட்டவேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா.

"அவங்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ண மயக்க மருந்து குடுக்க முடியாது. நீங்க பண்ணிக்கோங்க. ஆம்பளைக்கு இது சின்ன வேலை. தையல்கூட இருக்காது. அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"யோசிச்சு சொல்றேம்மா" என்றான் நெட்டை.

யோசித்துச் சொல்கிறேன் என்பது ஆண்பிள்ளைகள் கண்டுபிடித்ததிலேயே சௌகரியமான வார்த்தை. அதற்குள்ளே குடித்தனமே நடத்தலாம். அவன் அன்றிலிருந்து அவளை விட்டுத் தள்ளி, அடுப்படி வாசலில் பாய் போட்டுப் படுத்தான். யோசித்துக்கொண்டிருக்கும்போதே குளிர்காலம் வந்துவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் தாங்குவாள் என்று போன தடவை அவன் கேட்டதற்கு, டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த மாசம் வாங்க, பாக்கலாம்" என்றார்.

குளிர்காலத்தில் கண்ணாடி கையுறைக்குள்ளும் கடிக்கும். அன்று காலையிலிருந்து லாரி இறக்கிக் களைத்து, தேநீர் நேரத்தில் வெட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நெட்டை ஒரு அவித்த முட்டையை உரித்து உப்பில் புரட்டிப் புரட்டித் தின்றான். வீட்டில் அவளுக்கு உப்பு ஆகாது என்பதால் அவனும் உப்பில்லாமலேதான் சாப்பிடுகிறான். கடையில் அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்வான்.

"என்னடா நெட்டை, பண்ணிக்கப் போறியாமே?" என்று ஆரம்பித்தார் வெட்டுக்காரர். கண்ணாடியை வைரமுனையால் கீறி வெட்டுகிறவர் அவர். வாயும் அதே முனைதான்.

"இன்னும் முடிவு பண்ணல."

"பண்ணிக்கிட்டா பாரம் தூக்க முடியாதுன்றாங்களே."

"ஒரு வாரம் தூக்கக் கூடாதாம். அப்புறம் பழையபடிதானாம்."

"குரல் பொம்பளைக் குரலா ஆயிடுமாம்."

"அப்ப உனக்கு எப்பவோ பண்ணிட்டாங்கபோல" என்றான் நெட்டை. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வெட்டுக்காரரும் சிரித்தார். அவருக்கு நிஜமாகவே கீச்சுக் குரல்.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, வெளையாட்டு வேணாம். பிற்பாடு வேணும்னா ஒட்ட வெக்க முடியுமா?"

"கஷ்டமாம். நெரந்தரம்னு நெனச்சுத்தான் பண்ணிக்கணுமாம்."

"அதான் பாரு. வெட்டினது ஒட்டாதுன்னு நமக்குச் சொல்லியா தரணும்? நான் சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காத. பெரிய ஆர்டர் வந்தா நாம என்ன பண்றோம்? ஒண்ணு கூடுதலா வெட்டி வெக்கறோமா இல்லையா? ஒடையணும்னா வெக்கறோம்? ஒடைஞ்சா என்ன பண்றதுன்னு வெக்கறோம். உனக்கு வயசு இருக்கு. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா நாளைக்கு ஒருத்தி வருவா. வர்றவ தனக்குன்னு ஒரு கொழந்த கேக்கமாட்டாளா? அப்ப எதைக் காட்டுவ?"

நெட்டை மிச்ச முட்டையை உப்புக் காகிதத்தில் வைத்தான். அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கக் கை துடித்தது. ஆனால் முதலில் பிடிக்க வேண்டியவன் அண்ணன்காரன் என்று குட்டையைப் பார்த்தான். குட்டை தலை நிமிரவில்லை. முட்டை ஓட்டைத் துளித்துளியாகக் கிள்ளிக் கிள்ளிக் காகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்க?"

"லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், வா" என்று எழுந்துவிட்டான் குட்டை.

அன்று சாயங்காலம் நெட்டை வீடு திரும்பியபோது, இரண்டாம் மாடி வளைவில் கிடந்த முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வந்த பெட்டியின் கட்டையில் அவனே அடித்துப் போட்ட முக்காலி அது. கீழே இறங்கினால் அவ்வளவு தூரம்தான் அவளால் திரும்ப ஏற முடியும். மிச்சப் படிகளுக்கு அவன் வர வேண்டும். பாதம் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. மடியில் காகிதப் பொட்டலம்.

"திரும்பவும் கவுனா?"

"வளர்ற புள்ளை."

"வளர்ற புள்ளைதான், அதுக்காக வாரா வாரமா? தையக்காரம்மா உன்ன நம்பித்தான் கடையே வெச்சிருக்காங்கபோல. கீழ எறங்காதன்னா கேக்கறியா?"

"நாள் முழுக்கச் செவத்தையே பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? அவ கடையில மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தா நல்லா இருக்கு. தூக்குங்க."

கையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அவன் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினான். ஏறும்போது அவள், "படி… படி… திருப்பம்" என்று அண்ணனின் குரலில் சொல்லிச் சிரித்தாள். போன வருஷத்துக்கு இப்போது பாதிதான் இருந்தாள். அதை அவன் அவளிடம் சொன்னதில்லை.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு அவியலும் ரொட்டியும். மகள் மட்டும் உப்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா, ஒரு கல்லு போட்டுக்கோங்க, நான் அம்மாகிட்ட சொல்லமாட்டேன்" என்று அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே ரகசியம் பேசினாள். அப்புறம் புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குக் காட்ட ஓடினாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "நான் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"வேணாம்."

"ஏன்?"

"ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கோம். அதுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா? நீ பெத்துக் குடுக்கப் போறியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை. ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றாகச் சேர்த்தாள்.

"எதுக்குப் போய்க் கத்தி வெச்சுக்கணும்? இப்பத்தான் தள்ளிப் படுக்கறோமே. அப்படியே இருந்துட்டுப் போறது."

"இப்படியே எத்தன நாளைக்குடி?"

"அதிக நாளைக்கில்ல" என்றாள் அவள்.

கையைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவளுக்கு அவன் உடம்பைப் பற்றித்தான் பயம் என்று நினைத்தான். தூக்கிப் பிழைக்கிறவன், ஏதாவது ஏடாகூடமாகிவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறாள் என்று நினைத்தான். அப்படி நினைத்தபோது அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. இன்னும் என்ன யோசனை வேண்டியிருக்கிறது என்று தன்மேலேயே ஆத்திரமாகவும் வந்தது.

மறுநாள் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடிக்குப் பெரிய கண்ணாடி ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. குட்டை முன்னால், நெட்டை கீழ்ப்படியில். படியேறும்போது மட்டும் அவன் முழங்காலை நிமிர்த்தி நடக்கலாம். பாதிப் படியில் அவன் சட்டத்தை மீறினான்.

"மச்சான், நீ என்ன சொல்ற?"

"படி" என்றான் குட்டை.

"அவன் அப்படிப் பேசறான், நீ வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்க. அவ உன் தங்கச்சி."

"படி. படி."

"பண்ணிக்கவா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"திருப்பம்… மாப்ள, திருப்பம்னேன்!"

கண்ணாடியின் முனை சுவரை உரசி ஒரு கணம் கிறீச்சிட்டது. இருவரும் அப்படியே நின்றார்கள். விரிசல் விடவில்லை. மிச்சப் படிகளை மூச்சுக்கூட விடாமல் ஏறி, கண்ணாடியை ஜன்னல் சட்டத்தில் நிறுத்திவிட்டுத்தான் குட்டை நெற்றியைத் துடைத்தான்.

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். வேணாம்ன்றா."

"அப்ப விட்டுடேன்."

"நீயா சொல்ற இதை?"

குட்டை கையுறையைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டிக்கொண்டான். "அவ சொல்றாள்ல. அவ பேச்ச ஒரு தடவ கேட்டாத்தான் என்ன?"

நெட்டைக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. ஊரே சேர்ந்து அவளை முன்கூட்டியே தூக்கிப் போட்டுவிட்டது. வெட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னார், கூடப் பிறந்தவன் சொல்லாமல் சொல்கிறான். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, அடுத்து வருகிறவளுக்காகத் தன்னைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்கிறார்கள். கூடுதலாக வெட்டி வைத்த கண்ணாடி என்று நினைத்தார்களா அவனை? அப்படி ஒரு பிழைப்புத் தேவையில்லை என்று முடிவு செய்தான். ஒருவேளை அவனும் உள்ளுக்குள் எங்கேயோ அதற்காகத்தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தானோ என்ற சந்தேகம்தான் அவனை அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு, வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனான்.

நர்ஸம்மா கேட்டார்: "எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணே போதுமா? பின்னாடி மனசு மாறினா திரும்பச் சேக்கறது சுலபமில்ல. சேத்தாலும் பலன் இருக்கும்னு சொல்ல முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும். கண்ணாடி வெட்டற கடையில வேல பாக்கறேன்."

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. "மனைவிக்குச் சம்மதம்தானே?"

"சம்மதம்" என்றான். கல்யாணமானதிலிருந்து அவளைப் பற்றி அவன் சொன்ன பெரிய பொய் அதுதான்.

மேசை அவனுக்குப் போதவில்லை. கணுக்காலுக்குக் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் முழங்கால மடக்கிக்கோங்க" என்றார் டாக்டர். அதுதான் நமக்குப் பழகின வேலையாயிற்றே என்று நினைத்தான். ஊசி குத்தியது வலித்தது. அதற்கப்புறம் யாரோ துணியைப் பிடித்து இழுப்பதுபோல உள்ளே ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இதற்குத்தானா ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தோம் என்று வெட்கமாக இருந்தது. முடிந்ததும் இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

வெளியே வந்து ஒரு மரத்தடி பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். காற்று குளிர்ந்து வீசியது. நெஞ்சு லேசாக இருந்தது. இன்றைக்கு அடுப்படியில் பாய் போட வேண்டாம், அவளுடைய தலையணைக் கோட்டைக்குப் பக்கத்தில் தானும் சாய்ந்துகொள்ளலாம். கை மேலே பட்டால் அவள் உடம்பு இனி விறைத்துக்கொள்ளாது. வேறு எதுவும் வேண்டியதில்லை அவனுக்கு, அவள் மூச்சு விடும் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்டால் போதும்.

இரண்டாம் மாடி வளைவில் அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பொட்டலம். அவனைப் பார்த்ததும், எப்போதும்போல இரண்டு கையையும் தூக்கினாள்.

அவன் நின்றான்.

"என்ன, தூக்குங்க."

"கொஞ்சம் இரு. மூச்சு வாங்கிக்கறேன்."

"நீங்களா?" என்றாள். கை அப்படியே நின்றது. அவன் கால்களை அகட்டி நிற்பதையும், கைப்பிடிச் சுவரைப் பிடித்திருப்பதையும் பார்த்தாள். கை மெல்லக் கீழே இறங்கியது.

"பண்ணிட்டீங்களா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "சின்ன வேலதான். வலிகூட இல்ல. ஒரு வாரம் தூக்கக் கூடாதாம், அவ்ளோதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தான், அந்த மடையன்.

"பாவி மனுஷா, என் புள்ளையக் கெடுத்துட்டீங்களே!"

"என்னடி சொல்ற?"

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். நீலக் கவுன். கீழ் மடிப்பைப் புரட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க. உள்ள எவ்ளோ துணி விட்டு மடிச்சிருக்கா பாருங்க. எந்தத் தையக்காரி இப்படி விடுவா? வளர வளரப் பிரிச்சு விடலாம்னு விட்டிருக்கா. அடுத்த வருஷத்துக்கும், அதுக்கடுத்த வருஷத்துக்கும். பாப்பாவுக்குத் தலை பின்னி விடறா. ஜுரம்னா கடையச் சாத்திட்டு வந்து உக்காந்துக்கறா. புருஷன் செத்து, புள்ளை குட்டி இல்லாம தனியா கெடக்கறவ. நான் ஏன் அங்கயே போய் உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்க? மிஷின் சத்தம் கேக்கவா?"

அவன் கவுனின் மடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கேட்டுட்டேன் அவள. வெக்கத்த விட்டு வாயால கேட்டுட்டேன். எனக்கப்புறம் இவரக் கட்டிக்கிட்டு என் புள்ளையப் பாத்துக்கறியான்னு. ரொம்ப நாள் பதிலே சொல்லல. போன வாரம்தான் சொன்னா. பாப்பாவ என் புள்ளையா வளக்கறேன்க்கா, ஆனா எனக்குன்னு வயித்துல ஒண்ணு வேணும், அது ஒண்ணுதான் கேக்கறேன்னா. சரின்னு கையப் புடிச்சுச் சொல்லிட்டு வந்தேன். அண்ணனுக்கும் தெரியும்."

குட்டை முட்டை ஓட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தது நெட்டையின் கண்ணுக்குள் வந்தது.

"என்னக் கேக்காம என்னை ஒருத்திக்குப் பேசி முடிச்சிருக்க."

"என்னக் கேக்காம நீங்க போய் வெட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் கவுனை மடித்தாள், சரியாக வரவில்லை, மறுபடி மடித்தாள்.

"எதுக்குங்க? தள்ளித்தான படுத்துக்கிட்டிருந்தோம். எதுக்குப் போனீங்க?"

"உன் பக்கத்துல படுக்கணும்னு இருந்துச்சு" என்றான் அவன்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு முக்காலியில் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். அதில் இரண்டு பேர் உட்கார முடியாது. அவன் மெதுவாகக் குனிந்து அவள் காலடியில் படியில் உட்கார்ந்தான். அடிவயிறு சுரீரென்று இழுத்தது. அவள் கையை அவன் தலைமேல் வைத்தாள்.

"சரி, ஆனது ஆச்சு. இனிமே பயமில்லல்ல? இன்னிக்கு வந்து படுத்துக்கோங்க."

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட மற்றொன்று அவனுக்கு ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தான். முடியவில்லை.

"உடனே இல்லையாம். உள்ள மிச்சம் இருக்குமாம். மூணு மாசம் கழிச்சு வந்து சோதனை பண்ணிக்கணும், அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருக்கணும்னாங்க."

"மூணு மாசமா?" என்றாள்.

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். போன மழைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை. சிரிப்பு மூச்சில் சிக்கி இருமலாயிற்று, இருமல் நிற்காமல் உதடு நீலம் பாரித்தது. அவன் எழுந்து முதுகைத் தாங்கிக்கொண்டு நின்றான். தாங்க மட்டும்தான் முடிந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நடுநடுவே, "மூணு மாசம்… மூணு மாசமாம்…" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மேலே கதவு திறந்தது. "அப்பா! புதுக் கவுனு வந்துச்சா? அம்மாவத் தூக்கிட்டு வாங்க, சீக்கிரம்!"

"வரோம்டா" என்றான் நெட்டை.

மேலே ஏற மிச்சமிருந்த படிகளை இருவரும் பார்த்தார்கள். குழந்தை இன்னொரு தடவை கூப்பிட்டது. இருவரும் நகரவில்லை.